ஒன்பதாவது முறையாகச் சொல்லும் குழந்தை

தனக்கு நடந்த பாலியல் கொடுமையைக் குழந்தை முதலில் அம்மாவிடம் சொல்கிறது. அம்மா அப்பாவை அழைத்து மறுபடியும் சொல்ல வைக்கிறார். பாட்டி நம்ப மறுப்பதால் அவருக்காக இன்னொரு தடவை. மறுநாள் தலைமையாசிரியர். பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம், குழந்தை நலக் குழு, மருத்துவர், நீதித்துறை நடுவர், கடைசியில் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) நீதிமன்றம். ஒன்பது முறை. கேட்டவர்களில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் சங்கடம்.

இதைக் குறைக்கத்தான் ஐஸ்லாந்து 1998இல் 'பார்னாஹுஸ்' என்ற குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. ஓர் அறையில் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையுடன் பேசுவார். நீதிபதி, காவலர், அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எல்லோரும் வேறோர் அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவப் பரிசோதனையும் அங்கேயே. இந்தியாவில் டெல்லி கர்கர்டூமா நீதிமன்றத்தில் 2012இல் குழந்தைச் சாட்சிகளுக்குத் தனி வளாகம் வந்தது. ஹைதராபாத் காவல் துறை 2016இல், பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான 'பரோசா' மையத்தைத் தொடங்கியது. எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாட்சிகளுக்கான மையங்களை மாவட்டந்தோறும் அமைக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் குழந்தை அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிச் சேதம் வீட்டிலேயே நடந்துவிடுகிறது.

வீட்டு விசாரணைதான் அந்தச் சேதம். "மாமா தொட்டாரா? இங்கேயா? எத்தனை தடவை?" என்று பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கிறோம். களைத்துப்போன குழந்தை, எதைச் சொன்னால் விடுவார்கள் என்று பார்த்துத் தலையாட்டும். இதன் விலையை அமெரிக்கா கண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கி 1990இல் ஒரு தண்டனைகூட இல்லாமல் முடிந்தது. பொம்மைகளைக் காட்டி, வற்புறுத்தி, விரும்பிய பதில் வரும்வரை குழந்தைகளைக் கேட்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளே வழக்கைக் கவிழ்த்தன. குழந்தை தானாகச் சொன்னால் "அப்புறம்?" என்பதற்கு மேல் கேட்க வேண்டாம். சொன்ன சொற்களை அப்படியே, மழலை இருந்தால் மழலையோடு, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். செல்பேசியில் காணொளி எடுப்பதைத் தவிருங்கள். அது எந்த வாட்ஸ்அப் குழுவில் போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது, பள்ளியின் பெயர் உட்பட, போக்சோ சட்டப்படி குற்றம்.

"அவனை வெட்டிப் போட்டுவிடுகிறேன்" என்று அப்பா கத்துவதும் அதே அளவு கெடுதல். பெரும்பாலும் அந்த 'அவன்' குழந்தைக்கு நன்கு தெரிந்தவர், சில சமயம் பிடித்தவரும்கூட. தன்னால் வீடு உடைகிறது என்று தோன்றியதும் "நான் பொய் சொன்னேன்" என்று குழந்தை பின்வாங்கிவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். தெரிந்தும் புகார் அளிக்காமல் இருப்பது போக்சோவின் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

அடுத்த தவறு, புகார் என்றாலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுவது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது போக்சோவின் 24ஆம் பிரிவு. அதிகாரி சீருடையில் வரக்கூடாது. இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். இரவில் எக்காரணம் கொண்டும் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதைக் கேட்டுப் பெறலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

மருத்துவமனைக்குப் போகும் முன் குழந்தையைக் குளிப்பாட்டிவிடுவது இயல்பு. யாரையும் குறை சொல்ல முடியாது. முடிந்தால் தள்ளிப்போடுங்கள், அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்தாகிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சை எப்படியும் தேவை. முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே பரிசோதனை செய்யலாம். காவல் நிலையக் கடிதம் கொண்டு வந்தால்தான் அவசரச் சிகிச்சை என்று மருத்துவமனை சொல்ல முடியாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரலை நுழைத்துப் பார்க்கும் இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே நிராகரித்துவிட்டது. உடலில் காயம் இல்லை என்று அறிக்கை வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல.

மையங்களை நடத்துபவர்கள் செய்யும் தவறு வேறு வகை. சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி, மூலையில் கரடி பொம்மை, அத்தோடு 'குழந்தை நேய அறை' தயார். அந்த அறைக்கு வரும் ஒரே நடைபாதையில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் உறவினர்களோடு நின்றுகொண்டிருப்பார்! ஒட்டகச்சிவிங்கி இல்லாவிட்டால் பரவாயில்லை, தனி வாசலும் தனிக் கழிப்பறையும் அவசியம். விசாரிப்பவரே ஆற்றுப்படுத்துநராகவும் இருப்பது இன்னொரு குழப்பம். ஆறுதல் எங்கே முடிகிறது, சாட்சியம் எங்கே தொடங்குகிறது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஆதரவு நபர் என்று ஒருவர் உண்டு. 2020 போக்சோ விதிகளின்படி குழந்தை நலக் குழு அவரை நியமிக்கும். விசாரணையிலும் வழக்கிலும் குழந்தையோடு துணைக்கு நிற்பவர் அவர். பல குடும்பங்கள் வழக்கு பாதி முடிந்த பிறகுதான் அப்படி ஒருவர் இருப்பதையே அறிகின்றன. தொடக்கத்திலேயே கேளுங்கள்.

நீதிமன்றத் தேதி வந்ததும் முந்தைய இரவில் வாக்குமூலத்தை வாய்ப்பாடுபோல ஒப்பிக்க வைப்பார்கள். "இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேட்பதில்லை, நீதிபதி வழியாகத்தான் கேட்க முடியும் என்றாலும் கேள்வி கேள்விதான். கதையைத் தயார் செய்யாமல் இடத்தைத் தயார் செய்யுங்கள். முன்னதாக ஒரு நாள் கூட்டிப்போய் அறையைக் காட்டலாம். "தெரியவில்லை, மறந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை" என்று சொல்லிக்கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரை மறைக்கும் திரையோ காணொளி வசதியோ வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் வழியாக முன்கூட்டியே மனு கொடுக்கலாம். நடுவில் இடைவேளை கேட்கவும் உரிமை உண்டு. காத்திருப்பு நீளும், சாப்பாட்டு டப்பாவோடு, வண்ணப் பென்சிலும் நோட்டும் எடுத்துப்போங்கள்.