புள்ளியில் ஆளை வைக்காதீர்கள், வெயிலை வையுங்கள்

ஃபிரேமை நெடுக்கில் மூன்றாகவும் குறுக்கில் மூன்றாகவும் பிரித்தால் கோடுகள் நான்கு புள்ளிகளில் வெட்டும். முக்கியமானதை அதில் ஒன்றில் வைப்பதுதான் 'ரூல் ஆஃப் தேர்ட்ஸ்'. போனிலும் கேமராவிலும் 'கிரிட்' போட்டுவிட்டால் கோடுகள் திரையிலேயே தெரியும். இவ்வளவுதான் விதி. கருப்பு வெள்ளையில் தெருவை எடுக்கும்போதுதான் சிக்கல் வரும்.

ஒருமுறை பச்சைக் கதவுக்கு முன்னால் சிவப்புச் சேலையில் ஓர் அம்மா நின்றிருந்தார். கண்ணுக்கு அப்படி ஓர் எடுப்பு. சரியாகப் புள்ளியில் வைத்து எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் சேலையும் கதவும் ஒரே சாம்பல். அவர் கதவோடு கதவாகிவிட்டார். ஓரத்தில் தொங்கிய வெள்ளை பிளாஸ்டிக் பைதான் கண்ணை இழுத்தது. அன்றிலிருந்து கேமராவை 'மோனோக்ரோம்' பயன்முறையில்தான் வைக்கிறேன். கூடவே சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பும் பதிவாவதால் வண்ணம் எங்கும் போய்விடாது. பார்க்கும்போதே சாம்பலாகப் பார்த்தால், எது பளிச்சென்று நிற்கும் என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் நடப்பது மதுரைக் கீழமாசி வீதியில். அது வடக்கு தெற்காகப் போகிறது. காலை ஏழரை மணிக்குக் கிழக்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் சாலையை மூடியிருக்கும். சந்து திரும்பும் இடத்தில் மட்டும் வெயில் ஒரு பட்டையாகக் குறுக்கே விழும். வடக்குப் பார்த்து நின்று, அந்தப் பட்டை கீழ்க்கோட்டில் வருமாறு ஃபிரேமை அமைத்துக்கொள்வேன். அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. பத்து நிமிடம் ஆகலாம், அரை மணி ஆகலாம்.

மளிகைக் கடைகளுக்கு மூட்டை சுமப்பவர்கள் சாலையைக் கடப்பார்கள். இடமிருந்து வலமாகப் போகிறவர் கிழக்கே, வெயிலைப் பார்த்துப் போகிறார். முகத்தில் ஒளி விழும். அவர் இடப்பக்கப் புள்ளிக்கு வந்து, முன்கால் பட்டைக்குள் இறங்கும்போது ஷட்டரை அழுத்துங்கள். முன்னால் இரண்டு பங்கு இடம் அவர் நடக்கக் கிடக்கும். 35 எம்எம் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/1000 நொடி. ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். கேமராவின் வெளிச்ச அளவை நிழலுக்கு வைக்க வேண்டாம், வெயிலுக்கு வையுங்கள். நிழல் கருப்பாகப் போகட்டும்.

1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இந்த விதிக்குப் பெயர் வைத்து எழுதியபோது அவர் பேசியது பங்கைப் பற்றி: மூன்றில் இரண்டு வானம், மீதி ஒன்று நிலமும் நீரும்; அல்லது வானம் ஒன்று, மற்றவை இரண்டு. எனக்கு இந்தக் கணக்குதான் அதிகம் உதவுகிறது. இருட்டு இரண்டு பங்கு, வெளிச்சம் ஒரு பங்கு. இரண்டும் பாதிப் பாதியாக நின்றால் கண் எங்கே போவதென்று தெரியாமல் அலையும்.

ஸ்டுடியோவில் டார்க் ரூம் வேலை பார்த்த நாட்களில் கற்றது ஒன்று உண்டு. பிரிண்ட் கழுவும் மருந்துத் தட்டில் படம் தலைகீழாகக் கிடக்கும். அப்போது அது மூட்டையா முகமா என்று தெரியாது, வெள்ளைத் திட்டும் கருப்புத் திட்டும் மட்டுமே தெரியும். இப்போதும் படத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் பார்க்கிறேன். கண் முதலில் புள்ளிக்குப் போனால் படம் நின்றது. மூலையில் இருக்கும் குழல்விளக்குக்குப் போனால், அந்த ஓரத்தை வெட்டிப் பாருங்கள். வெட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நேராக நம்மைப் பார்க்கும் முகத்தையும் வாசல் நிறைந்த கோலத்தையும் நான் நடுவிலேயே வைக்கிறேன். அவற்றை ஓரத்துக்குத் தள்ளினால் அழகு குலைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பூக்காரர்களிடம் போங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். நிழலில் உட்கார்ந்து தொடுக்கும் கை, மடியில் மல்லிகைக் குவியல். குவியலின் விளிம்பில் வெயில் தொடும் அந்த நாலைந்து மொட்டுகளைப் புள்ளியில் வையுங்கள். விரல்கள் தாமாகவே அந்த வெளிச்சத்துக்குள் வந்து போகும்.