யாழ்ப்பாணத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒரு மதுரைக்காரி சொல்வது

கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவர்கள், "நம்ம மொழிதானே, என்ன கஷ்டம்?" என்று கேட்டுக்கொண்டேதான் பெட்டி கட்டுகிறார்கள். நான் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு மருமகளாக வந்தவள். (நெல்லையப்பர் ஊர் இல்லை, யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய திருநெல்வேலி.) நான் பார்த்தவரை, இது வெளிநாடு என்று நினைத்து வருகிறவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். சொந்தக்காரர் வீடு என்று நினைத்து வருகிறவர்களுக்குத்தான் தொட்டதெல்லாம் குறை.

காகித வேலையை ஊரிலேயே ஆரம்பியுங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பக்கத்தில் ஒன்றில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு கிளம்புங்கள். வதிவிட விசா கொடுக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஒரு போட்டோக்காப்பி குறைந்தாலும் அத்தனை தூரம் மறுபடி போகவேண்டும். இந்திய பாஸ்போர்ட் வேலைக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை; 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வந்த வாரமே கிராம சேவகரிடம் (நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி) போய் முகம் காட்டிவிடுங்கள். ஊரில் அவரை விதானையார் என்பார்கள். பல காரியங்களுக்கு அவருடைய கடிதம் வேண்டியிருக்கும்.

மிக்சியைத் தூக்கி வரலாம். இங்கேயும் 230 வோல்ட்தான், பெரும்பாலும் பிளக்கை மட்டும் சதுர முள்ளாக மாற்றினால் போதும். பில்டரும் காபித்தூளும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இது தேநீர் நாடு; மல்லி போட்ட கோப்பி கிடைக்கும், அது தனி ரகம். நிலமெல்லாம் சுண்ணாம்புப் பாறை, அதனால் பல கிணறுகளில் தண்ணீர் கடினம். சோப்பு நுரைக்காது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும். வினாகிரி ஊற்றிக் கொதிக்கவைத்தால் போய்விடும். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று இறைச்சிக்கடை பூட்டியிருக்கும், வங்கியும்தான். ஆம்புலன்ஸுக்கு 108 அடித்துப் பயனில்லை. இங்கே 1990, அதுவும் இலவசம்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் மாதம் சாம்பாருக்கு நாக்கு அழும், அழட்டும். மாமியார் தூள் வறுக்கும் நாளில் மட்டும் அடுப்படியை விட்டு நகராதீர்கள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பார்கள். மிளகாய் நெடியில் வீடே தும்மும். மல்லி எந்த நிறத்துக்கு வந்ததும் இறக்கவேண்டும் என்பதில் வீட்டுக்கு வீடு பிடிவாதம் உண்டு. எங்கள் மாமி ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு பக்கம். நீங்கள் வாயைத் திறக்காமல் கிண்டிக்கொண்டிருங்கள். பிறகு மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்பது. அந்தத் தூளை நம் குழம்புப் பொடி அளவுக்கு அள்ளிப் போட்டால் வாய் வெந்துவிடும், பாதியில் தொடங்குங்கள். அந்தத் தூளில் மீன் குழம்பு, பக்கத்தில் புட்டு, மேலே தேங்காய்ப்பால் சொதி. அந்தச் சேர்க்கை பிடித்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பேச்சில் ஒரு கவனம் வேண்டும். வயதில் சின்னவராக இருந்தாலும் முன்பின் தெரியாதவரை "நீ, வா, போ" என்றால் உறுத்தும். ஆட்டோக்காரர் அண்ணா, சந்தையில் கீரை விற்பவர் அக்கா அல்லது அம்மா. "வாங்கோ, சொல்லுங்கோ" என்பது தானாக வாய்க்கு வந்துவிடும். படலைக்கு (வாசல் கேட்டுக்கு) வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

இவர்களுக்கு நம்முடைய படங்களும் சீரியல்களும் அத்துப்படி. நமக்கோ இவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யுத்தச் செய்தி. அதனால் நம்மவர்கள் வந்து உட்கார்ந்த கையோடு அதைத்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எப்போது வரும், யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கூடப் பெருமை ஒரு மணிநேரம் ஓடும். மற்றது அவர்களுக்குத் தோன்றும்போது வரும். வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தீபாவளிக்கு நம்மூர் ஆர்ப்பாட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். இங்கே பெரிய நாள் தைப்பொங்கல். முற்றத்தில் கோலம் போட்டுப் பானை வைப்பார்கள், வெடியும் அன்றைக்குத்தான்.

அப்புறம், ஊர் ஏக்கம் தலைக்கு ஏறும் முன்பே அம்மா அப்பாவை வரச்சொல்லுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேரடியாகப் பறக்கலாம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கியது, ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். ஆடி ஆவணியில் வரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அதையொட்டி வந்தால் அவர்களுக்கும் பொழுது போகும். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.