சி நிரலுக்குள் ஒரு குட்டி வெப் சேர்வர், பூட்டுடன்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே சம்ப் (நிலத்தடித் தொட்டி), மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டர். தாங்கியின் மட்டத்தை ஒரு சென்சர் அளக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் சி புரோகிராம் அதை வாசித்து ரிலேயை இயக்குகிறது. இப்போது மட்டத்தைப் போனில் பார்க்க வேண்டும், மோட்டரை அங்கிருந்தே போட்டு நிறுத்தவும் வேண்டும். அதற்காகப் பிஎச்பி, அப்பாச்சி என்று அடுக்கத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அதே புரோகிராமுக்குள் ஒரு வெப் சேர்வரை வைத்துவிடலாம்.

எதைப் பூட்டுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். தண்ணீர் மட்டத்தை யார் பார்த்தாலும் நட்டமில்லை. மோட்டர் பொத்தான் அப்படியல்ல. பார்க்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, மாற்றும் பக்கத்தை மட்டும் பூட்டினால் வேலை பாதியாகக் குறையும்.

பிரவுசரும் சேர்வரும் பேசும் மொழியான எச்டிடிபியை வாசிக்கும் பகுதியை நீங்களே எழுத முனையாதீர்கள். சொக்கெட்டைத் திறந்து ஒரு ரீட், ஒரு ரைட் போட்டால் உங்கள் மேசைக் கணினியில் அழகாக ஓடும். லிஃப்டுக்குள் சிக்னல் அறுந்த போனிலிருந்து கோரிக்கை மூன்று துண்டாக வரும்; முதல் துண்டில் தலைப்பு வரி பாதிதான் இருக்கும். இன்னொரு போன் இணைப்பைத் திறந்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் நிற்கும். அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாரும் காத்திருப்பார்கள். இவற்றையெல்லாம் ஏற்கெனவே தீர்த்த லைப்ரரிகள் இருக்கின்றன. மொங்கூஸ் இரண்டே கோப்புகள். ஆனால் உங்கள் நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமம், இல்லையேல் காசு. பெட்டியாக விற்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிவெட்வெப் எம்ஐடி உரிமம். குனூ திட்டத்தின் லிப்மைக்ரோஎச்டிடிபிடி எல்ஜிபிஎல். இங்கே கடைசியாகச் சொன்னதையே பயன்படுத்துகிறோம். டெபியனிலும் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலும் அதன் பெயருடன் டெவ் என்று முடியும் பொதியை நிறுவினால் போதும். ஃபங்ஷன் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறோம். தலைப்புக் கோப்பில் தேடினால் அதே சொற்கள் அடிக்கோட்டால் இணைந்து நிற்கும்.

தொடங்குவதும் முதல் தடுக்கலும்

எம்எச்டி ஸ்டார்ட் டீமன் என்ற ஒரே அழைப்பில் சேர்வர் ஓடத் தொடங்கும். கொடியாக இன்டர்னல் போலிங் த்ரெட், போர்ட்டாக 8888, பிறகு கோரிக்கை வந்ததும் லைப்ரரி அழைக்கும் உங்கள் ஹான்ட்லர் ஃபங்ஷன், அதன்பின் விருப்பங்கள். விருப்பங்களில் கனெக்ஷன் டைம்அவுட்டை 15 விநாடியாக வையுங்கள். வைக்காவிட்டால் சும்மா நிற்கும் இணைப்பை அது ஒருபோதும் துண்டிக்காது. பட்டியலின் முடிவில் ஒப்ஷன் எண்ட் கட்டாயம். மறந்தால் கம்பைலர் வாய் திறக்காது, புரோகிராம்தான் விழும். டீமன் நல் என்று திரும்பினால் பெரும்பாலும் பழைய பிரதி இன்னும் அந்தப் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். 80ஆம் போர்ட்டை ரூட் அல்லாத பயனர் திறக்க முடியாது. அதற்காகப் புரோகிராமை ரூட்டாக ஓட்டாதீர்கள், 1024க்கு மேல் ஒரு போர்ட்டை எடுங்கள்.

ஹான்ட்லர் ஓடுவது வேறொரு த்ரெட்டில், அதாவது அதே புரோகிராமுக்குள் இணையாகப் போகும் இன்னொரு ஓட்டத்தில். சென்சரை வாசிக்கும் உங்கள் மெயின் லூப்பும் ஹான்ட்லரும் ஒரே மாறியைத் தொட்டால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் பூட்டான மியூட்டெக்ஸ் வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. ஒரு கோரிக்கைக்கு ஹான்ட்லர் ஒரு முறை அல்ல, பல முறை அழைக்கப்படும். முதல் அழைப்பில் தலைப்புகள் மட்டும் வந்திருக்கும். கடைசி அளபுருவான பொயின்டர் நல்லைக் காட்டும். அப்போது இந்தக் கோரிக்கைக்கான ஒரு சிறு ஸ்ட்ரக்ட்டை ஒதுக்கி அதில் மாட்டிவிட்டு எஸ் என்று திரும்ப வேண்டும். அடுத்த அழைப்புகளில் போஸ்ட் தரவு (படிவத்தில் நிரப்பி அனுப்பியது) துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் எடுத்தபின் அப்லோட் டேட்டா சைஸைப் பூச்சியமாக்க வேண்டும். ஆக்காவிட்டால் எடுக்காத தரவு எடுக்காததாகவே நிற்கும், கோரிக்கை முன்னே நகராது. அளவு பூச்சியமாக வரும் அழைப்புத்தான் எல்லாம் வந்து முடிந்ததற்கு அடையாளம். பதிலை அப்போது அனுப்புங்கள். நோ என்று திரும்பினால் பதிலே இல்லாமல் இணைப்பு அறுந்துவிடும். ஒதுக்கிய ஸ்ட்ரக்ட்டை விடுவிக்க நோட்டிஃபை கம்ப்ளீட்டட் விருப்பத்தில் ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கொஞ்சம் நினைவகம் கசியும். ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் ஹான்ட்லர் இன்ட்டைத் திருப்பும். 0.9.71 பதிப்பிலிருந்து அது எம்எச்டி ரிசல்ட் என்ற, பெயரிட்ட எண்களின் வகை (enum). பொயின்டர் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் முறைத்தால் காரணம் இதுவே.

பேசிக் போதாதா?

லைப்ரரிக்குள்ளேயே பேசிக் அங்கீகாரம் இருக்கிறது. பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டையும் எடுத்துத் தரும். பிழையென்றால் 401 அனுப்பிவிடும். இருபது வரிக்குள் முடிந்துவிடும். ஒருவர் மட்டும், மறைகுறியாக்கிய இணைப்பில் பயன்படுத்துவதென்றால் தாராளமாகப் போதும். ஆனால் பேசிக் முறை கடவுச்சொல்லை அனுப்பும் பேஸ்64 வடிவம் ஒரு பூட்டு அல்ல, எழுத்தை மாற்றி எழுதுவதுதான். வெளியேறும் பொத்தானுக்கு அங்கே ஒழுங்கான வழி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையிலும் வருகிறது. கீழே சொல்லப்போகும் ஹாஷ் (கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றும் கணிப்பு) வேண்டுமென்றே மெதுவானது. ஐந்து விநாடிக்கொருமுறை மட்டத்தைப் புதுப்பிக்கும் பக்கத்தில் அதை ஒவ்வொரு தடவையும் கணித்தால் பை திணறும். டைஜெஸ்ட் முறையில் கடவுச்சொல் கம்பியில் போகாது. ஆனால் சேர்வரில் கடவுச்சொல்லையோ அதற்குச் சமமான ஒன்றையோ வைத்திருக்க வேண்டும்; கோப்பு கசிந்தால் எல்லாம் போயிற்று. ஆகவே ஒருமுறை கடவுச்சொல் கேட்கும் படிவமும், அதன்பின் பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையிலும் காட்டும் சிறு அடையாளமான குக்கியும்.

கடவுச்சொல்

இதற்கு லிப்சோடியம் என்ற மறைகுறியாக்க லைப்ரரி. முதலில் சோடியம் இனிட்டை அழைத்து, அது எதிர்மறை எண் தந்தால் புரோகிராமை நிறுத்துங்கள். கிரிப்டோ பிடபிள்யூஹாஷ் எஸ்டிஆர் கொடுக்கும் வரியில் ஆர்கன்2 ஹாஷ், சால்ட் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் கலக்கும் தற்செயல் பைட்டுகள்), அளவுகள் எல்லாமே அடங்கியிருக்கும். 128 பைட் இடம் ஒதுக்கினால் போதும், சால்ட்டைத் தனியே சேமிக்க வேண்டாம். இன்டரக்டிவ் அளவு ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் 64 மெகாபைட் எடுக்கும். 512 மெகாபைட் உள்ள பை ஸீரோவில் பின்னர் பல த்ரெட் வைத்தால், நான்கு பேர் ஒரே நேரத்தில் உள்நுழைந்தால் பாதி நினைவகம் போய்விடும். எனவே சரிபார்ப்பை ஒரு மியூட்டெக்ஸால் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்குங்கள்.

சரிபார்க்கும் ஃபங்ஷன் சரியென்றால் பூச்சியம் தரும். இதை உண்மை-பொய் என்று எண்ணி இஃப்புக்குள் அப்படியே போட்டால், தவறான கடவுச்சொல் உள்ளே வரும், சரியானது வெளியே நிற்கும். எழுதியவர் தன் கடவுச்சொல்லை மட்டும் போட்டுப் பார்ப்பதால் "உள்ளே போகுதில்லை" என்று இஃப்பைச் சுற்றி வேறெதையோ திருத்தி, கடைசியில் எல்லாரையும் உள்ளே விடும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார். பூச்சியத்துடன் வெளிப்படையாக ஒப்பிடுங்கள்.

கடவுச்சொல்லை முதலில் பதிவது எப்படி? கட்டளை வரியில் கொடுத்தால் ஷெல்லின் வரலாற்றிலும் புரோசஸ் பட்டியலிலும் தெரியும். புரோகிராமுக்குத் தனியான ஒரு பதிவு முறையை வைத்து, டெர்மினலின் எக்கோவை அணைத்துவிட்டு வாசியுங்கள். ஹாஷ் இருக்கும் கோப்புக்கு 0600 அனுமதி. இல்லாத பயனர்பெயர் வந்தாலும் ஒரு போலி ஹாஷுடன் சரிபார்த்துவிட்டே மறுக்க வேண்டும். உடனே மறுத்தால் எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்காக ஒன்று. "கொழும்பு" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கே எழுத்து. யூடிஎஃப்-8இல் 24 பைட். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் 27 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஹாஷ் வேறாக வரும். போனில் வைத்த கடவுச்சொல் அலுவலகக் கணினியில் வேலை செய்யாததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். ஹாஷ் செய்யுமுன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரித்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றுங்கள். அது பெருஞ்சுமை என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் என்று விதித்துவிடுங்கள்.

படிவத்தைப் பிரிக்க லைப்ரரியின் போஸ்ட் புரொசெசர் இருக்கிறது. அதற்குக் குறைந்தது 256 பைட் பஃபர். ஒரே புலத்தின் மதிப்பு இரண்டு அழைப்புகளாகப் பிரிந்து வரலாம், ஒஃப் என்ற எண் எங்கிருந்து தொடர்வது என்று சொல்லும். இதைப் பார்க்காமல் நகலெடுத்தால் நீண்ட கடவுச்சொல்லின் வால் மட்டும் மிஞ்சும். ஒஃப்பையும் நீளத்தையும் கூட்டி, அது பஃபரைத் தாண்டுகிறதா என்று பார்த்தபின்பே மெம்கொப்பி. தாண்டினால் வெட்டி ஏற்காமல் மறுத்துவிடுங்கள்.

குக்கி

கடவுச்சொல் சரியென்றால் ரேண்டம்பைட்ஸ் பஃப் மூலம் 32 பைட் எடுத்து ஹெக்ஸாக மாற்றுங்கள்; குக்கியில் போகும் டோக்கன் இதுதான். 64 எழுத்து வரும், முடிவுக் குறியோடு 65 பைட். இந்த ஒரு பைட்டை மறப்பவர்கள் ஏராளம். நேரத்தை விதையாக வைத்த ரேண்ட் வேண்டவே வேண்டாம். சேர்வர் எப்போது தொடங்கியது என்று ஊகிக்க முடிந்தவருக்கு உங்கள் டோக்கனும் தெரியும்.

ஒரு தொடர்மாடிக்கு 16 இடமுள்ள நிலையான அட்டவணை தாராளம். ஒவ்வொன்றிலும் டோக்கன், பயனர், கடைசியாகப் பயன்பட்ட நேரம். நேரத்தைச் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். பை 5க்கு முந்திய பலகைகளில் நேரத்தைக் காக்கும் சில்லு இல்லை. கரண்ட் போய் வந்தால் இணையம் கிடைக்கும்வரை பழைய நேரம் ஓடும், பிறகு ஒரேயடியாகத் தாவும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு, 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பதிலாகக் குளொக் மொனொடொனிக் என்ற கடிகாரத்தை எடுங்கள், அது பின்னோக்கிப் போகாது. மறுதொடக்கத்தில் அது புதிதாகத் தொடங்கினாலும் கவலையில்லை. நினைவகத்திலிருந்த அட்டவணையும் கூடவே அழிந்துவிடும். மோட்டரைத் தொடும் பக்கத்தில் 30 நிமிடம் சும்மா இருந்தவரை வெளியேற்றினால் போதும்.

குக்கியில் எச்டிடிபிஒன்லி, சேம்சைட் ஸ்ட்ரிக்ட், பாத் மூன்றையும் வையுங்கள். செக்கியூர் என்ற சொல்லை எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) வந்தபிறகே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் பிரவுசர் குக்கியை ஓசையின்றி எறிந்துவிடும். பயனர் சரியான கடவுச்சொல்லைப் போடுவார், மீண்டும் உள்நுழைவுப் பக்கமே வரும். குரோமில் லோக்கல்ஹோஸ்ட்டாகச் சோதித்தவருக்கு இது அகப்படாது. உள்நுழைந்தபின் 303 கொண்டு முகப்புக்கு அனுப்புங்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் மறுபடி போகாது.

மோட்டரைப் போடும் முகவரி போஸ்ட்டை மட்டும் ஏற்க வேண்டும். வெறும் இணைப்பாக வைத்தால், முகவரியை முன்கூட்டியே திறந்து பார்க்கும் பிரவுசரோ செய்திச் செயலியோ மோட்டரைப் போட்டுவிடும். குக்கி இல்லாத போஸ்ட்டை முதல் அழைப்பிலேயே 403 சொல்லித் திருப்பலாம், உடலை வாசிக்க வேண்டியதில்லை.

ஊகித்துப் பார்ப்பவர்களைத் தடுக்க ஹான்ட்லருக்குள் ஸ்லீப் போடாதீர்கள். த்ரெட் ஒன்றுதான், எல்லாரும் சேர்ந்து தூங்குவார்கள். ஐந்து தவறுக்குப் பிறகு "இந்த நேரம்வரை அனுமதி இல்லை" என்று குறித்துவைத்து 429 அனுப்புங்கள்.

வெளியே திறக்குமுன்

வெறும் எச்டிடிபியில் கடவுச்சொல் அப்படியே போகும். தொடர்மாடியின் பொது வைஃபையில் இருப்பவர் அதை வாசிக்கலாம். எளிய வழி, எச்டிடிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொள்ள முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி என்ற சேர்வரை நிறுத்தி, உங்கள் சேர்வரை 127.0.0.1இல் மட்டும் கட்டுவது. அதன்பின் எல்லா இணைப்பும் அதே உள்முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். தவறுகளை முகவரிவாரியாக எண்ணினால் ஒருவரின் தவறு எல்லாரையும் பூட்டிவிடும், பயனர்பெயர்வாரியாக எண்ணுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கப் போர்ட் ஃபோர்வர்டிங் செய்யுமுன் ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது இணைய நிறுவனத்தின் பொது NATக்குப் பின்னால், அதாவது பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாட்டுக்குப் பின்னால், இருக்கிறது. எத்தனை முறை ஃபோர்வர்ட் செய்தாலும் வெளியிலிருந்து எட்டாது. விபிஎன் (மறைகுறியாக்கிய தனி வழி) ஒரு நல்ல தீர்வு. பாதுகாப்புக்கும் அதுவே மேல்.

சோதிக்கும்போது நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சனிடைசரோடு கம்பைல் செய்து, கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கேர்ல் (curl) கொண்டு தாக்குங்கள்: குக்கி இல்லாமல் மோட்டர், ஒரு எழுத்து மாறிய டோக்கன், பத்தாயிரம் எழுத்துக் கடவுச்சொல், பாதியில் அறுத்த இணைப்பு. கடைசியாக மோட்டர் ஓடும்போதே பையின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். புறக்கோட்டையில் வாங்கும் ரிலே பலகைகளில் பல, முனையின் மின்னழுத்தம் தாழ்ந்தால் ஓனாகும் வகை. பையின் 9 முதல் 27 வரையான ஜிபிஐஓ முனைகள் (வெளிச் சாதனங்களை இணைப்பவை) தொடக்கத்தில் தாழ்வாக இழுக்கப்பட்டிருக்கும். உங்கள் புரோகிராம் எழுமுன்னரே, யாரும் உள்நுழையாமலேயே, மோட்டர் ஓடத் தொடங்கிவிடலாம். அப்படி நடந்தால் ரிலேயை 5 அல்லது 6ஆம் ஜிபிஐஓவுக்கு மாற்றிவிட்டு மீண்டும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.