குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர்

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். காலை 7 மணிக்கே மெரினா மணலில் பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். பதினைந்து வயது இருக்கும். கையில் காலி பாட்டில், எச்சில் துப்புவதற்கு. மறுநாள் மல்யுத்தப் போட்டியில் 45 கிலோ பிரிவுக்கு எடை கொடுக்க வேண்டுமாம். "இன்னும் எண்ணூறு கிராம்தான் சார்" என்றான். உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. குரல் எழும்பவில்லை. தண்ணீரை நீட்டினேன். "குடிச்சா ஏறிடும் சார்" என்று தள்ளிவிட்டான்.

அந்த எண்ணூறு கிராமில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை போனால் தராசில் ஒரு கிலோ இறங்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கிற ரத்தத்தைச் சுற்றிவிட இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைப் புழுக்கத்தில் அது காய்வதே கஷ்டம். அதன் மேல் பிளாஸ்டிக்கையும் போர்த்தினால் சூடு எங்கே போகும்? 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ரப்பர் உடையும் சூடான அறையுமாக எடையைக் குறைக்கப் போய், ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இவற்றைத் தடை செய்தார்கள்.

பேதி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இரண்டும் வேண்டவே வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை ஊக்கமருந்து தடைப் பட்டியலிலேயே இருக்கிறது.

"எடை கொடுத்துட்டு சாப்பிட்டுக்கலாம்" என்பதையும் நம்பாதீர்கள். சர்வதேச விதிப்படி போட்டியன்று காலையில்தான் எடை பார்க்கிறார்கள். இரண்டாம் நாளும் பார்க்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் முதல் நாள் மூன்று போட்டிகளில் ஜெயித்தார். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் நின்றது; தகுதி நீக்கிவிட்டார்கள். மருத்துவக் குழுவே உடனிருந்த வீராங்கனைக்கு அந்த நிலைமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பயிற்சியாளர்களாகிய நாம் பண்ணுவது. போன வருஷம் 45 கிலோவில் பதக்கம் வாங்கினான் என்று இந்த வருஷமும் அதே பிரிவில் பெயர் கொடுக்கிறோம். அவன் வளரும் பையன். ஏறிய எடை எலும்பும் தசையும். அவனை 48-இல் இறக்குங்கள். ஒரு சீசன் தோற்றாலும் பரவாயில்லை. நிஜமாகவே குறைக்க வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குங்கள். அமெரிக்கப் பள்ளி விதிகளில் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதம்தான் உச்சம்; 48 கிலோ பையனுக்கு 720 கிராம். இட்லி, முட்டை, சுண்டல், மோர் எதையும் நிறுத்தாதீர்கள். பப்ஸும் கூல்டிரிங்க்ஸும் போனால் போதும். சிறுநீர் அடர் மஞ்சள் நிறத்தில் போனால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், அம்மாவிடம் பேசி டாக்டரிடம் அனுப்புங்கள். மற்றவர்கள் முன்னால் "குண்டாயிட்டே" என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள்.

மேட் மேல் ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ, எடை எவ்வளவு என்று பார்க்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.