இரண்டு கவுன்சிலை ஒன்றாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பல பகுதிகளில் வீட்டு வாசலில் குப்பை எடுப்பது கீழடுக்கு உள்ளாட்சியான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். எடுத்ததை எரிப்பதோ புதைப்பதோ மேலடுக்கான கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. வீட்டுவசதி, கட்டட அனுமதி, கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரி வசூல் ஆகியவை கீழடுக்கில். சாலை, நூலகம், பள்ளி, முதியோர் மற்றும் குழந்தைகள் பராமரிப்பு மேலடுக்கில். மிச்சமிருக்கும் 21 ஈரடுக்குப் பகுதிகளையும் ஓரடுக்காக மாற்றத் திட்டம் தரச்சொல்லி 2025 பிப்ரவரியில் அரசு கேட்டது. ஒரு கவுன்சிலுக்குக் குறைந்தது 5 லட்சம் மக்கள் என்பது வழிகாட்டு அளவு. வரைபடத்தில் எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் சண்டை அதிகம். சிக்கல் வருவதோ வேறு இடங்களில்.

பிரிக்கும் வேலையைக் கணக்கில் எடுக்காதது

நார்த் யார்க்‌ஷரில் 7 டிஸ்ட்ரிக்ட்டுகளும் கவுண்டியும் 2023 ஏப்ரல் 1 அன்று ஒரே கவுன்சிலாயின. பராமரிப்புச் சேவை உடையாமல் அப்படியே தொடர்ந்தது. அதே நாளில் கம்பிரியாவில் 6 டிஸ்ட்ரிக்ட்டுகளும் கவுண்டியும் சேர்ந்து, கம்பர்லேண்ட், வெஸ்ட்மோர்லேண்ட் அண்ட் ஃபர்னஸ் என்று இரண்டாயின. இந்த இரண்டாவது வகையில் கவுண்டியின் சேவை ஒவ்வொன்றையும் கிழிக்க வேண்டும். கிழக்கில் பிறந்து மேற்கில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு? முதியோர் இல்லங்களோடு போட்ட ஒப்பந்தம் யார் பெயருக்கு மாறும்? குழந்தைகள் சேவை இயக்குநர், வயதுவந்தோர் சமூகப் பராமரிப்பு இயக்குநர் என்ற சட்டப்படியான பதவிகள் இரண்டு மடங்காகின்றன. இரவுநேர அவசர சமூகப் பணிக் குழு போன்ற சிறிய அணிகளைப் பாதியாக வெட்டினால் இரண்டு பாதியும் ஓடாது.

அப்படிப்பட்ட அணியை ஒரு கவுன்சிலே வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கும் சேவை தரலாம். ஆனால் செலவுப் பங்கு, விலகல் முன்னறிவிப்பு, முடிவுத் தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத ‘தற்காலிக’ ஏற்பாடு தானாக முடிவதில்லை. நார்தாம்டன்ஷர் 2021-ல் இரண்டாகப் பிரிந்தபோது, குழந்தைகள் சேவையைப் பிரிக்காமல் சில மாதங்களுக்கு முன்பே தனி டிரஸ்ட் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது. கவனிக்க வேண்டிய முன்மாதிரி அது.

மிச்சத்தை முதல் ஆண்டிலேயே வரவு வைப்பது

ஆட்குறைப்பு இழப்பீடு, கணினி மாற்றம், புதிய கவுன்சில் பொறுப்பேற்கும்வரை அதற்குத் தயார்செய்யும் இடைக்கால நிழல் கவுன்சில் என்று செலவு முதலில் வரும், மிச்சம் பிறகுதான் வரும். சாமர்செட் 2023 ஏப்ரலில் ஓரடுக்கானது. நவம்பரிலேயே நிதி அவசரநிலை அறிவித்தது. அடிப்படைக் காரணம் பராமரிப்புச் செலவு. இணைப்பு அதைத் தீர்க்காது என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்வது நல்லது.

கடனும் கூடவே வரும். சர்ரேயில் வோக்கிங் கவுன்சில் 2023 ஜூனில் திவால் அறிவிப்பு போன்ற 114-ஆம் பிரிவு நோட்டீஸ் வெளியிட்டது. அந்தக் கடனில் 50 கோடி பவுண்டை அடைக்க உதவுவதாக அரசு சொன்ன பிறகும், மிச்சம் புதிய மேற்கு சர்ரே கவுன்சில் தலையில்தான் விழும். கவுன்சில்களுக்குச் சொந்தமான கம்பெனிகள், அவற்றுக்குக் கொடுத்த உத்தரவாதங்கள், தணிக்கை முடியாத பழைய கணக்குகள் எல்லாவற்றையும் திட்டம் எழுதும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

கலையப்போகும் கவுன்சிலைச் செலவு செய்யவிடுவது

கையிருப்பைப் பக்கத்து ஊருக்குக் கொடுப்பானேன், நம் ஊரிலேயே நீச்சல் குளம் கட்டிவிடலாம் என்ற ஆசை மனித இயல்பு. கவுன்சில் இணைப்புகளுக்கான 2007 உள்ளாட்சிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. அமைச்சர் உத்தரவிட்ட தேதியிலிருந்து 1 லட்சம் பவுண்டுக்கு மேல் நிலம் விற்கவும், 10 லட்சத்துக்கு மேல் மூலதன ஒப்பந்தம் போடவும், 1 லட்சத்துக்கு மேல் மற்ற ஒப்பந்தம் போடவும் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் போட்ட ஒப்பந்தம் புதிய கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்ததாரர் நடுத்தெருவில் நிற்பார். கொள்முதல் பிரிவு மாதத் தொகையைப் பார்த்து ஏமாறக்கூடாது: மாதம் 5,000 பவுண்ட் என்றாலும் மூன்று ஆண்டுக்கு 1,80,000.

வரியைக் குறைந்த மட்டத்துக்கு இறக்குவது

டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் டாக்ஸ் வேறுபடும். புதிய கவுன்சில் சில ஆண்டுகளுக்குள் அதைச் சமப்படுத்த வேண்டும். மிகக் குறைந்த விகிதத்தை எல்லோருக்கும் வைத்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இழந்த வருவாயைத் திரும்பப் பிடிக்க முடியாது, ஏனென்றால் சமீப ஆண்டுகளில் ஆண்டு உயர்வு 5 சதவீதத்தை எட்டினாலே பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எடையிட்ட சராசரியை நோக்கிப் படிப்படியாக நகர்வதே பாதுகாப்பு.

சின்ன காகிதங்களை மறப்பது

முதல் நாளில் வங்கிக் கணக்கு, சம்பள வரிப் பதிவு, வாட் எண், தகவல் பாதுகாப்புப் பதிவு எல்லாம் புதிய பெயரில் தயாராக இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு அதிகாரம் ஒப்படைக்கும் ஆவணம் அன்றே நிறைவேறாவிட்டால், அவர்கள் கையெழுத்திட்ட கட்டட அனுமதியை யாரும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

இதில் ராச்செஸ்டர் கதை பிரபலம். 1998-ல் அது கில்லிங்ஹாமோடு சேர்ந்து மெட்வே ஆனபோது, ஊரின் பழைய அந்தஸ்தைக் காக்கும் சார்ட்டர் ட்ரஸ்டிகளை யாரும் நியமிக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக இருந்த ‘சிட்டி’ அந்தஸ்து போய்விட்டது. போனது 2002-ல்தான் தெரியவந்தது. உங்கள் பகுதியில் இப்படி அந்தஸ்தோ மேயர் பதவியோ உள்ள ஊருக்குத் தனி பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறு கவுன்சில்) இல்லையென்றால், ஒன்றை உருவாக்குங்கள், அல்லது ட்ரஸ்டிகளுக்கான ஏற்பாடு உத்தரவில் இருக்கிறதா என்று பழைய கவுன்சில் கலைவதற்கு முன்பே வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.