ஆன்லைன் விற்பனையில் பிடித்தம்: கணக்கு எங்கே தவறுகிறது?

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர்கள் சீட்டைப் படிக்காமல் வண்டி ஏறுவதில்லை. கமிஷன் எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு என்று அங்கேயே நின்று கேட்டுவிடுவார்கள். அதே வீட்டுப் பெண்கள் நிப்பட்டும் (தட்டை மாதிரிப் பலகாரம்) சாமையும் ஆன்லைனில் விற்கத் தொடங்கினால், வங்கிக் கணக்கில் விழுந்த தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் அத்தையின் மகளிர் குழுவும் ஆறு மாதம் அப்படித்தான் விற்றது. அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தவை இவை.

முதல் தவறு, விலை வைப்பதிலேயே. கையில் 400 ரூபாய் நிற்க வேண்டும், விற்பனைத் தளம் எடுக்கும் மொத்தப் பிடித்தம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 400-க்கு 20 சதவீதம் 80 ரூபாய். சரி, 480 என்று விலை போட்டுவிடுகிறோம். ஆனால் பிடித்தம் விற்ற விலையின் மேல்தான். 480-ல் 96 போனால் மிஞ்சுவது 384. அந்த 400 நிற்க வேண்டுமானால், 400-ஐ 0.80-ஆல் வகுத்து 500 என்று விலை வைக்க வேண்டும்.

கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்ப்பது அடுத்தது. ஜீரோ கமிஷன் என்று போட்டிருந்தாலும், ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணமும் கூரியர் கட்டணமும் தனியாக இருக்கலாம். இவை எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உதாரணத்துக்கு, 400 ரூபாய்ப் பொருளுக்குக் கமிஷன் 40, நிலையான கட்டணம் 15, கூரியர் 70 என்றால் 125 ரூபாய். வரி 22.50 சேர்ந்து 147.50 ஆகிவிடுகிறது.

எங்கள் குழுவுக்கு அதிகம் அடி விழுந்தது எடையில். நிப்பட்டு நொறுங்கக் கூடாது என்று பெரிய அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். கூரியரில் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கிறார்கள். வருவது கன அளவு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 25, 20, 15 அளவுப் பெட்டிக்கு ஒன்றரைக் கிலோ வருகிறது. உள்ளே இருந்த நிப்பட்டோ அரைக் கிலோ! பெட்டியைச் சின்னதாக்கியதும் மிச்சம் பிடிக்க முடிந்தது. அனுப்பும்போதே பெட்டியைத் தராசில் வைத்து ஒன்று, அளவு டேப்போடு ஒன்று என்று போட்டோ எடுத்து வையுங்கள். கூரியர்காரர்கள் எடையைக் கூட்டிப் போட்டால் புகார் செய்ய அதுதான் ஆதாரம்; புகாருக்குக் கெடுவும் உண்டு.

திரும்பி வரும் பார்சலுக்கும் விலையில் இடம் விட வேண்டும். போன கூரியர், வந்த கூரியர் இரண்டும் விற்பவர் தலையில் விழுந்தால், ஒரு பார்சல் இரண்டு மூன்று ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும். இந்த விதி தளத்துக்குத் தளம் மாறும், சேருமுன் படித்துவிடுங்கள்.

ஓசூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைனில் பொருள் விற்கலாம். ஆனால் அதற்குப் பதிலாக ஜிஎஸ்டி தளத்தில் என்ரோல்மென்ட் எண் ஒன்று வாங்க வேண்டும், விற்பனை மாநிலத்துக்குள் மட்டும்தான். பக்கத்து அத்திப்பள்ளியே கர்நாடகம்தான். பெங்களூரு ஆர்டர் வேண்டுமானால் ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம், பிடித்ததெல்லாம் போன பணம் இல்லை. ஜிஎஸ்டி உள்ளவர்களிடம் டிசிஎஸ் (விற்பனைத் தளம் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் ஜிஎஸ்டி) என்று 0.5 சதவீதம் பிடிப்பார்கள்; அது ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால் உங்கள் கணக்கில் வரவாகும். டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 0.1 சதவீதம் வருமான வரிக் கணக்கில் கழியும். தனிநபராக ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்று, பான் எண் கொடுத்திருந்தால் அந்த டிடிஎஸ்ஸும் பிடிக்கக் கூடாது. அத்தையின் குழுவில் இப்போது வாரம் ஒருமுறை விற்பனைத் தளத்தின் பேமென்ட் ரிப்போர்ட்டை இறக்கி, வரி வரியாக நோட்டில் ஏற்றுகிறார்கள்.