ஜவ்வாது மலை, ஏலகிரியில் மலைச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து காலை பதினொரு மணிக்குக் கிளம்பி, மதியம் ஒன்றரைக்கு மேல் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது தக்காளி சாதமும் ஆம்லெட்டும்தான். கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும் சாமைச் சோறும் எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். சமைப்பவர்களிடம் குறையில்லை. மலைச் சாப்பாடு ஆள் கணக்குப் பார்த்து அடுப்பேற்றுவது. காலையில் வடித்து வைத்து மாலை வரை விற்பதற்கு அங்கே கூட்டமும் இல்லை, அந்தச் சாப்பாடு அவ்வளவு நேரம் தாங்குவதும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதித் தவறுகள் தானாகவே குறையும்.

சொல்லாமல் போய் நிற்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். முந்தைய நாள் மாலைக்குள் போன் செய்துவிடுங்கள். மலையில் சிக்னல் சில இடங்களில்தான் கிடைக்கும் என்பதால், ஒருமுறை எடுக்கவில்லை என்றால் விட்டுவிடாமல் மறுபடி முயற்சி செய்யுங்கள். "நாலு பேர் வர்றோம்" என்பது மட்டும் அவர்களுக்குப் போதாது. பெரியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், சைவம் யார், களி சாப்பிடுகிறவர் யார், சாமைச் சோறு யாருக்கு, எத்தனை மணிக்கு இலை போட வேண்டும் என்பதை எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அளவு தெரிந்திருந்தால் பேச்சு சுலபம். சாமை அரிசி ஒருவருக்கு 80 முதல் 100 கிராம் போதும், வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். களி ஒரு உருண்டை 200 கிராமுக்குக் குறையாது. பழக்கமில்லாதவருக்கு அரை உருண்டையே வயிறு நிறைந்துவிடும். ஆளுக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு மீதம் வைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆறிய களியை யாருக்கும் பரிமாற முடியாது, அது வீண்தான்.

கோழி விஷயத்தில் குழப்பம் அதிகம். நாட்டுக்கோழியைப் பிளேட் கணக்கில் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது, முழுக்கோழியாகத்தான் அடிப்பார்கள். உயிரோடு ஒன்றரைக் கிலோ நிற்கும் கோழி சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோவை ஒட்டி வரும். நான்கு பேருக்கு அது சரியாக இருக்கும். சொல்லும் விலை உயிர் எடைக்கா, கறி எடைக்கா, சமையல் கூலி சேர்ந்ததா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் பில்லைப் பார்த்து வாக்குவாதம் செய்வது இரு தரப்புக்கும் கசப்பு.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். விடைக்கோழி முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். வயதான சேவல் விறகடுப்பில் திறந்த பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரமாவது கேட்கும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் 97 டிகிரி வாக்கிலேயே கொதி வந்துவிடும். அதனால் கொள்ளு, மொச்சை, முற்றிய கறி எல்லாம் கீழே வேகிற நேரத்தில் மேலே வேகாது. "சீக்கிரம் கொடுங்க" என்று அடுப்படியில் போய் நின்றால் குக்கரில் போட்டு நாலு விசில் கூடுதலாக விடுவார்கள். கறி நார் நாராகப் பிரிந்து, குழம்பு தனியாகக் கறி தனியாக நிற்கும். அவசரப்படுத்திக் கெடுத்த குழம்பை யாராலும் திருத்த முடியாது.

பிரியாணியும் பரோட்டாவும் கேட்பது

ஆம்பூரும் வாணியம்பாடியும் கீழேயே இருக்கின்றன. சீரகச் சம்பா பிரியாணியை அதன் ஊரிலேயே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை. மலையில் கேட்டால் வாடிக்கையாளரை இழக்க மனமில்லாமல் ஏதோ ஒன்றைக் கிண்டிக் கொடுப்பார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் கூடக்கூட, சாமையும் களியும் மெனுவை விட்டே போய்விடுகின்றன. மலை உணவகங்களில் மலை உணவு குறைவதற்கு நாம் கேட்கும் கேள்விகளும் ஒரு காரணம்.

இன்னொரு புகார், "குழம்பு தண்ணியா இருக்கே." சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மல்லி, காய்ந்த மிளகாய் அரைத்து வைக்கும் இந்தக் குழம்பில் பெரும்பாலும் தேங்காயை அள்ளிப் போடுவதில்லை, முந்திரி விழுதுக்கு இடமே இல்லை. களியைத் தோய்த்து எடுப்பதற்குக் குழம்பு ஓடத்தான் வேண்டும். கெட்டிக் கிரேவியில் களி வழுக்காது, தொண்டையில் நிற்கும்.

காட்டு முயல், உடும்பு, மான்கறி கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களும் உண்டு. இதை ஆர்வக்கோளாறு என்று விட்டுவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடியவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. நீங்கள் காசு கொடுத்துவிட்டு இறங்கிவிடுவீர்கள், வழக்கும் அலைச்சலும் மலைக்காரர் தலையில் விழும். கேட்கவே கேட்காதீர்கள்.

களியை மென்று தின்பது

வட ஆற்காட்டு வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்றைய பிள்ளைகளில் பலர் களியை முதன்முதலாகப் பார்ப்பதே இப்படி ஒரு மலைப் பயணத்தில்தான்.

களி சூடாக வரவேண்டும், வந்தவுடன் சாப்பிட வேண்டும். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி செய்து அதில் குழம்பை ஊற்றுங்கள். விரல் நுனியைக் குழம்பில் நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவு கிள்ளுங்கள். குழம்பில் புரட்டி, நாக்கில் வைத்து, அப்படியே விழுங்குங்கள். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். "மண் மாதிரி இருக்கு" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஸ்பூனால் வெட்டி எடுத்தாலும் இதே கதைதான், விரல் ஈரம் இல்லாமல் களி வழுக்காது.

நல்ல களியைத் தொட்டாலே தெரியும். நொய் வெந்த கொதிநீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு முதல் இரண்டரைப் பங்கு வைத்து, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, மூடி ஐந்து நிமிடம் தணலில் விட்டிருந்தால், ஈரக் கையில் ஒட்டாது, மேல் பளபளப்பாக இருக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பச்சை மாவு தெரிகிறதா? தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். வேகாத கேழ்வரகு வயிற்று வலியைத்தான் தரும்.

இங்கே இடம் பிடிப்பதும் சேர்ந்து வருகிறது. எல்லோருக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பு மேசைதான் வேண்டும். அங்கே காற்று நேராக அடிக்கும். கூரைக்குள் கால் மணி நேரம் தாங்கும் களி அங்கே போட்டோ எடுத்து முடிப்பதற்குள் இறுகிவிடும். சாமைச் சோறும் காற்றில் உதிரி உதிரியாக விறைத்துப் போகும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சுக்குக் காப்பியை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போவதே நல்லது. மலைக்காட்சி எங்கும் போய்விடாது. ஏலகிரியில் வெளி மேசையில் உட்கார்ந்தால் குரங்குத் தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்திருப்பது அதைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

சாமை என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது

சர்க்கரை உள்ளவர்கள் செய்யும் தவறு இது. 100 கிராம் சாமையில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிடக் குறைவுதான், நார்ச்சத்தும் அதிகம்தான். ஆனாலும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு கரண்டிச் சோறு, இரண்டு கரண்டி கீரைக் கடைசல் அல்லது கொள்ளுக் கடைசல் என்று விகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து போடுகிறவர்கள் சாப்பாடு தாமதமாகும் என்பதையும் நினைவில் வைத்து, கையில் ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு ஒரே நாளில் களியும் சாமையும் கொள்ளும் சேர்ந்து வந்தால் உப்பிக்கொள்ளும். களி, சாமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். களி மதியத்துக்கு நல்லது. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்காதீர்கள். தெளிவாக இருப்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. மேலே ஆடுமாடு இறங்கியிருக்கும். காய்ச்சின தண்ணீர் கேளுங்கள், அல்லது வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

பருவம் தெரியாமல் கேட்பது

தை மாதத்தில் பலாப்பழம் கேட்டால் எங்கிருந்து வரும்? பலா சித்திரையில் தொடங்கி ஆடி வரை. சீத்தாப்பழம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. அவரையும் மொச்சையும் மார்கழி, தை மாதங்களில் பச்சையாகக் கிடைக்கும். அந்தச் சமயத்தில் போனால் பச்சை மொச்சைக் குழம்பைத் தவறவிடாதீர்கள், கோழியைவிட அதுதான் மேல். ஆடியில் விதைத்த சாமை மூன்று நான்கு மாதத்தில் அறுவடைக்கு வரும், எனவே கார்த்திகைக்குப் பிறகு புதுச் சாமை. மழை பெய்த பின்பு கீரை வகை கூடும். கத்தரிக்காய்க் கடைசல் இருந்தால், அது வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியா என்று கேட்டுப் பாருங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது, களிக்கு அதைப்போல ஜோடி கிடையாது.

"இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி. மெனு அட்டையை வைத்துக்கொண்டு இது ஏன் இல்லை, அது ஏன் இல்லை என்பதில் பயனில்லை.

சமைப்பவர்களிடம் பேசும் விதம்

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாதவர்கள், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. கீழேயிருந்து போகும் நம் ஆட்கள் பலர், ஐம்பது வயதுப் பெண்ணைப் பார்த்து "ஏம்மா, வா இங்க, தண்ணி கொண்டா" என்கிறார்கள். ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் இப்படிப் பேசுவோமா? "அக்கா, கொஞ்சம் தண்ணி கொடுங்க", "அண்ணா, இன்னும் கொஞ்சம் குழம்பு போடுங்க" என்றாலே போதும். அடுப்படியையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுப்பதும் தவறு. பரிமாறும் இடம் பொது, அடுப்படி அப்படியில்லை. பல இடங்களில் அது அவர்கள் வீடும்கூட.

மதுபாட்டிலோடு போய் உட்காருவதை எந்த இடத்திலும் செய்யாதீர்கள். குடும்பம் நடத்தும் கடையில் அது எல்லோரையும் சங்கடப்படுத்தும்.

தேனும் சாமையும் வாங்கும்போது

தேனைத் திரியில் நனைத்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது — இவை எதுவும் கலப்படத்தைக் காட்டிக் கொடுக்காது. சர்க்கரைப்பாகும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும். உறைந்து போன தேனைக் கலப்படம் என்று கொட்டுவதும் தவறு. தூய தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். புதுக் காட்டுத்தேனில் ஈரம் அதிகம் என்பதால் சில வாரங்களில் நுரைத்துப் பொங்கலாம். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

சாமை அரிசி வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு முழுவதும் போய்விட்டது. மங்கிய பழுப்பாக இருப்பது நல்லது, ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஆகிற அளவுக்கு மேல் வாங்காதீர்கள். வீட்டில் நன்றாக அரித்துக் கல் நீக்கி, அரை மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரமானால் ஒன்றுக்கு இரண்டரை, குக்கரானால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். வெந்ததும் கிளறாமல் பத்து நிமிடம் மூடியே வையுங்கள்; உடனே கரண்டி போட்டால் குழைந்துவிடும்.

வயிறு நிறைந்ததும் வண்டி எடுப்பது

ஏலகிரியில் மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். களியும் கோழியும் நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே இறங்கினால் பின் சீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வளைவிலேயே குமட்டும், ஓட்டுபவருக்குத் தூக்கம் தள்ளும். குறைந்தது ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள். வாந்தி வரும் என்று தெரிந்தவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், கருகல் வாடை வந்தால் உடனே ஓரம் கட்டி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான்.

ஜவ்வாது மலையில் சாப்பாட்டை நான்கு மணிக்கு மேல் இழுக்காதீர்கள். காவலூரில் வானாய்வகம் அமைத்ததற்கு அங்கத்திய இருட்டும் ஒரு காரணம், அதே இருட்டுதான் சாலையிலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பனிமூட்டமும் சேர்ந்தால் வளைவு எது பள்ளம் எது என்று தெரியாது.

பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறையும் கிடைக்காது. நூறும் ஐம்பதுமாக எடுத்துப் போங்கள். மீந்த குழம்பைக் கட்டிக்கொண்டு வர ஒரு தூக்குப் போசி இருந்தால் நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது, அவர்களிடம் கவர் கேட்டு நிற்காதீர்கள்.

இறங்கும் நாளன்றே அடுத்த முறைக்கான போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் போனுக்கு, எந்த நேரத்தில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.